நூறில் எழுபத்து நான்கு

ஆடி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையைத் தாண்டிப் புதாற்றில் இறங்கி, ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊர் வாய்க்காலுக்கும் வந்து சேர்ந்திருந்தது. சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து ஓர் ஈரத் துண்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஆறு நாளைக்கு முன்னால் அதில் வரிசைக்குப் பத்தாக நூறு நெல்லை அடுக்கி, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, அடுப்படி மூலையில் சாய்த்து வைத்திருந்தார்கள். தினம் காலையில் சித்தி தண்ணீர் தெளித்துவந்தார்.

பிரித்ததும் ஊறிய நெல்லின் புளித்த வாசனை வந்தது. வெள்ளை வேர்கள் துணியின் இழைகளுக்குள் புகுந்திருந்ததால் ஒவ்வொன்றையும் நகத்தால் நெம்பி எடுக்க வேண்டியிருந்தது. நன்றாக வந்தவற்றில் ஒரு விரற்கடைக்குப் பச்சைக் குருத்து. சிலவற்றில் வேர் மட்டும் எட்டிப்பார்த்து, குருத்தே இல்லை. சிலதை அமுக்கினால் பால்போலக் கசிந்தது. வேரும் குருத்தும் சேர்ந்து வந்ததை மட்டும் ஒரு பக்கம் ஒதுக்கி எண்ணினேன்.

“எத்தனை தம்பி?”

“எழுபத்தி நாலு சித்தப்பா.”

“அட்டையில எம்பதுன்னு போட்டிருக்கு. ஆறு கொறையுது. போயிக் கேட்டுட வேண்டியதுதான்.”

மூட்டை வாயில் தைத்திருந்த நீல அட்டையைத்தான் சொன்னார். சான்று விதைக்கு நீல அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை அட்டை. நெல் சான்று விதை என்றால் புறத்தூய்மை 98 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, முளைப்புத்திறன் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நாடு முழுவதும் இதுதான் தரம். துண்டில் வந்தது 74. அப்படியானால் மூட்டை தரம் குறைந்ததா? சித்தப்பாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. எனக்கு இருந்தது. கடைக்காரருக்குப் பரிந்து பேசவில்லை. நூறு நெல் அவ்வளவு சொல்லுமா என்பதுதான் என் கேள்வி.

மூட்டை 30 கிலோ. ஆயிரம் நெல் ஏறக்குறைய 20 கிராம் என்று வைத்தால் உள்ளே 15 லட்சம் நெல் இருக்கிறது. துண்டுக்கு வந்தது அதில் நூறு. மூட்டையில் சரியாக 80 சதவீதம் உயிருள்ள விதை இருந்தாலும், கை விட்டு அள்ளும் ஒவ்வொரு நூறிலும் 80 வராது. ஒரு தடவை 83 வரும், ஒரு தடவை 77 வரும். இந்த ஆட்டம் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கணக்காகச் சொல்ல முடிகிறது. புள்ளியியலில் என்னை முதலில் பிடித்து இழுத்த விஷயம் அதுதான். எண்பதை, நூறில் மீதியான இருபதால் பெருக்கினால் 1600. சோதித்த விதையின் எண்ணிக்கையான நூறால் வகுத்தால் 16. அதன் வர்க்கமூலம் 4. இதற்குத் திட்டப் பிழை என்று பெயர். பெயரில் பிழை இருந்தாலும் இதில் யார் செய்த தவறும் இல்லை. கூறு எடுப்பதால் தானாக வரும் ஆட்டத்தின் அளவு இது. நூறு தடவை சோதித்தால் ஏறக்குறைய 95 தடவை, விடை இந்த நான்கின் இரண்டு மடங்குக்குள் நிற்கும். அதாவது 72-க்கும் 88-க்கும் நடுவில்.

எழுபத்து நான்கு அதற்குள்தான் இருக்கிறது. இன்னும் கறாராகக் கேட்கலாம்: மூட்டை உண்மையிலேயே 80 சதவீத மூட்டையாக இருந்தால், நூறு நெல்லில் 74-ம் அதற்குக் கீழும் வருவது எத்தனை தடவை நடக்கும்? நூறுக்கு ஏறக்குறைய 9 தடவை. இப்படிக் கேட்பதற்குப் பெயர்தான் மிகைகாண் சோதனை. முதலில் மூட்டை நல்லதென்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்கிறோம். பாடப்புத்தகம் இதை இன்மைக் கருதுகோள் என்கிறது. அப்படி ஒப்புக்கொண்டால் கண்ணெதிரே நடந்தது எவ்வளவு அபூர்வம் என்று பார்க்கிறோம். மிக அபூர்வம் என்றால் ஒப்புக்கொண்டதைக் கைவிடுகிறோம். நூறுக்கு ஐந்து தடவைக்கும் குறைவாக நடப்பதை அபூர்வம் என்று கொள்வது வழக்கம். நூறு நெல்லுக்கு அந்தக் கோடு 72-ல் விழுகிறது: 73-ம் கீழும் வர வாய்ப்பு நூறுக்கு ஐந்தரை, 72-ம் கீழும் வர மூன்றரை. சித்தப்பாவின் 74 கோட்டுக்கு மேலே நிற்கிறது. கடைக்காரர் கணக்குத் தெரிந்தவராக இருந்தால் சித்தப்பாவைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

அதே 74 சதவீதம் நானூறு நெல்லில் வந்திருந்தால்? நானூறில் 296. இப்போது 1600-ஐ 400-ஆல் வகுக்க வேண்டும். 4 வரும், வர்க்கமூலம் 2. எண்பதுக்கு ஆறு குறைவு என்பது மூன்று திட்டப் பிழை தூரம். எண்பது சதவீத மூட்டையில் இப்படி நடப்பது ஆயிரத்துக்கு இரண்டு, மூன்று தடவைதான். சதவீதம் மாறவில்லை; அதன் பின்னால் நிற்கும் நெல்தான் கூடியது. விதைப் பரிசோதனை நிலையங்களில் ஒரு மாதிரிக்கு நூறு நூறாக நான்கு பங்கு, மொத்தம் நானூறு விதை வைக்கிறார்கள். அந்த நான்குக்குக் காரணம் இதுதான். விதையை நான்கு மடங்காக்கினால் ஆட்டம் பாதியாகக் குறையும். அதை மறுபடியும் பாதியாக்க 1600 விதை வேண்டும். வர்க்கமூலம் இப்படித்தான் கூலி கேட்கும்.

நிலையத்தில் எண்ணும் முறையும் கொஞ்சம் கண்டிப்பானது. நெல்லுக்கு ஐந்தாம் நாள் ஒரு முறையும் பதினான்காம் நாள் கடைசியாகவும் எண்ணுகிறார்கள். வேரும் குருத்தும் ஒழுங்காக அமைந்த இயல்பான நாற்று மட்டும்தான் முளைப்புத்திறன் கணக்கில் சேரும். கோணல், அழுகல் எல்லாம் தனித்தனிக் கணக்கு. நான்கு நூறுகளும் ஒரே விடை தராது என்பது அவர்களுக்குத் தெரியும். சராசரி 80 வந்தால், மிகக் கூடுதலான நூறுக்கும் மிகக் குறைவான நூறுக்கும் 16 வரை வித்தியாசம் இருக்கலாம் என்று சர்வதேச விதைப் பரிசோதனை விதிகளின் அட்டவணை அனுமதிக்கிறது. ஒரு துண்டில் 72-ம் இன்னொரு துண்டில் 88-ம் வந்தால், அது வேலை செய்தவரின் தவறு ஆகாது. அதற்கு மேல் போனால்தான் ஈரம், சூடு, பூஞ்சை, எண்ணிக்கை என்று எதிலோ கோளாறு; சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

கேள்வியைத் திருப்பியும் போடலாம். அட்டையை மறந்துவிடுவோம். நூறில் 74 முளைத்திருக்கிறது. மூட்டையின் உண்மையான முளைப்புத்திறன் எவ்வளவு இருக்கும்? 74-ஐ 26-ஆல் பெருக்கி, நூறால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 4.39. அதை 1.96-ஆல் பெருக்கினால் 8.6. எழுபத்து நான்கின் இரு பக்கமும் இதை விரித்தால் 65.4 முதல் 82.6 வரை. இது 95 சதவீத நம்பிக்கை இடைவெளி. நானூறில் 296 என்றால் அதே இடைவெளி 69.7 முதல் 78.3 வரை சுருங்கும். முதல் இடைவெளிக்குள் 80 இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. சோதனை சொன்னதையே இடைவெளியும் சொல்கிறது. ஆனால் சோதனை ‘உண்டு, இல்லை’ என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறது. இடைவெளி எவ்வளவு என்றும் சொல்லிவிடுகிறது. விவசாயிக்கு எதைக் கொடுப்பாய் என்று என்னைக் கேட்டால் இடைவெளியைத்தான் கொடுப்பேன்.

இங்கே பலரும் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். ‘மூட்டை 65.4-க்கும் 82.6-க்கும் நடுவில் இருக்க 95 சதவீத வாய்ப்பு’ என்று சொல்லிவிடுவார்கள். மூட்டையின் முளைப்புத்திறன் ஒரு நிலையான எண், அது ஆடுவதில்லை. ஆடுவது நம் துண்டு. ஒரே மூட்டையிலிருந்து தெருவில் இருபது வீட்டுக்கு நூறு நூறு நெல் கொடுத்தால், இருபது வீட்டிலும் இருபது இடைவெளி வரும். அவற்றில் பத்தொன்பது வாக்கில் உண்மையான எண்ணைப் பிடித்திருக்கும். ஒன்று தவறவிட்டிருக்கும். தவறவிட்டது எந்த வீடு என்று அந்த வீட்டுக்காரருக்கே தெரியாது. 95 என்பது இந்த முறையின் மேல் வைக்கும் நம்பிக்கை. என் கையில் உள்ள ஓர் இடைவெளிக்கு எழுதிக்கொடுத்த பத்திரம் அல்ல.

நானூறு வேண்டாம், பத்து நெல் போதும் என்பவர்களும் ஊரில் உண்டு. ஒரு கொட்டாங்கச்சியில் ஈர மணல் போட்டுப் பத்தை ஊன்றினேன், பத்தும் முளைத்தது, விதை பழுதில்லை என்பார்கள். மேலே சொன்ன கணக்கை இதில் போட்டால் 100-ஐப் பூஜ்யத்தால் பெருக்க வேண்டும். திட்டப் பிழை பூஜ்யம், ஆட்டமே இல்லை என்று வரும். அப்பட்டமாகத் தவறு. எட்வின் வில்சன் 1927-லேயே இதற்குச் சரியான வழி காட்டினார். அவர் முறைப்படி பத்துக்குப் பத்து முளைத்தாலும் மூட்டை 72 சதவீதம்வரை கீழே இருக்கலாம். கையால் கணக்குப் போடுபவர்களுக்கு ஆலன் அக்ரஸ்டியும் பிரென்ட் கூலும் 1998-ல் ஓர் எளிய உபாயம் சொன்னார்கள்: முளைத்ததில் இரண்டு, முளைக்காததில் இரண்டு என்று இல்லாத நான்கு விதையைச் சேர்த்துக்கொண்டு பழைய கணக்கையே போடு. பத்துக்குப் பத்து என்பது பதினான்கில் பன்னிரண்டு ஆகிவிடும். சிறு எண்களில் வரும் மிதப்பை இந்த நான்கு விதை அடக்கிவிடுகிறது.

இந்தக் கருவிகள் பிறந்ததும் வயல் சார்ந்த இடங்களில்தான். இருபதில் ஒன்று என்ற அந்த 5 சதவீதக் கோட்டைப் பரப்பிய ரொனால்ட் ஃபிஷர், 1919 முதல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். கோட்டைச் சொன்ன அவருடைய புத்தகம் 1925-ல் வந்தது. நம்பிக்கை இடைவெளியைத் தந்த யெர்சி நெய்மன், போலந்தில் வேளாண் நிறுவனத்தில் வயல் சோதனைக் கணக்குகளோடு தொடங்கியவர். அந்தக் கருத்தை அவர் லண்டனில் முன்வைத்தது 1934-ல். மேட்டூர் அணையில் தண்ணீர் திறந்த அதே ஆண்டு. நெய்மனுக்கு முன்னால், 1923 முதல் 1925 வரை, பிகார்–ஒரிசாவில் ஜான் ஹப்பக் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி நெல் வயல்களில் சிறு சிறு துண்டுகளைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்து அறுத்து, மாவட்டத்தின் விளைச்சலைக் கணித்துக் காட்டினார். அதிலிருந்து கற்றுக்கொண்டதை ஃபிஷரே ஒப்புக்கொண்டிருக்கிறார். பிறகு புள்ளியியலாளர் மகலனோபிஸ் வங்காளத்தில் அந்த வழியைப் பெருவழியாக்கினார். இன்று பயிர்க் காப்பீட்டுக்காக நம் வயலில் கயிறு கட்டி ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அறுக்கிறார்களே, அதன் பூர்வீகம் அங்கே இருக்கிறது.

கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தச் சோதனையில் என் மனசை உறுத்துவது வேறொன்று. ‘மூட்டை நல்லதென்று ஒப்புக்கொள்வோம்’ என்று தொடங்குகிறோம் அல்லவா? அந்த முதல் அடியிலேயே சந்தேகத்தின் பலன் விற்பவர் பக்கம் போய்விடுகிறது. நல்ல மூட்டையை மட்டம் என்று சொல்லிவிடும் பிழையை நூறுக்கு ஐந்துக்குள் கட்டிப்போட்டிருக்கிறோம். மட்டமான மூட்டையை நல்லதென்று விட்டுவிடும் பிழையை யாரும் கட்டவில்லை. உண்மையில் 74 சதவீதமே உள்ள மூட்டைகளை நூறு நெல் வைத்து, 72 என்ற கோட்டோடு சோதித்தால், மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல்தான் பிடிபடும். மற்றவை ‘குறை நிரூபணமாகவில்லை’ என்று தப்பிக்கும். நானூறு நெல் வைத்தால் பத்தில் ஒன்பதுக்குச் சற்றுக் குறைவாகப் பிடிபடும். ஆகவே நூறு நெல் சோதனையில் குறை தெரியவில்லை என்பதை, குறை இல்லை என்று யாராவது மாற்றிச் சொன்னால் விடக் கூடாது. அவர் சொல்ல முடிந்ததெல்லாம் ‘இவ்வளவு நெல்லில் எனக்குத் தெரியவில்லை’ என்பதுதான்.

டெல்டாக்காரனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. சம்பா நாற்றங்கால் சொதப்பினால் இரண்டு வாரம் போச்சு. நடவு தள்ளிப்போனால் இளம் பயிர் வேர் பிடிப்பதற்குள் ஐப்பசி மழை வந்து மேலே நிற்கும். அறுவடையிலும் சதவீதம்தான் அவனை நிறுத்திக் கேட்கிறது. கொள்முதல் நிலையத்து விதிகளில் ஈரப்பதம் 17 சதவீதம். சேதமானது, நிறம் மாறியது, முளைத்தது, வண்டடித்தது எல்லாம் சேர்த்து 5 சதவீதம். அங்கேயும் மூட்டையில் குத்தூசி விட்டு எடுப்பது ஒரு கை நெல்தான். இந்தப் பக்கம் முளைக்காததால் நஷ்டம், அந்தப் பக்கம் முளைத்துவிட்டதால் நஷ்டம். விதை வாங்கும்போது குறையை அவன்தான் நிரூபிக்க வேண்டும். நெல் விற்கும்போது குறையின்மையையும் அவன்தான் நிரூபிக்க வேண்டும். கோட்டை எங்கே போடுவது என்பதைக் கணிதம் சொல்லும். சந்தேகம் வந்தால் யார் பக்கம் சாய்வது என்பதை மனிதர்கள்தான் வைத்திருக்கிறார்கள். வேண்டுமானால் மாற்றியும் வைக்கலாம்.

இதற்கிடையே எதிர்வீட்டு அண்ணன் தன் வீட்டு விதையில் நூறு போட்டு 82 வந்ததாகச் சொன்னார். கடை விதையைவிடச் சொந்த விதை உசத்தி என்று அவருக்கு ஒரே பெருமை. இரண்டுக்கும் வித்தியாசம் எட்டு. ஆனால் இரண்டு துண்டும் தனித்தனியாக ஆடுவதால் வித்தியாசத்தின் ஆட்டம் இன்னும் பெரிது: இரு பக்கமும் 11.4. சொந்த விதை 19 கூடுதலாகவும் இருக்கலாம், 3 குறைவாகவும் இருக்கலாம். அவரிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விதையைப் பார்த்துப் பார்த்துக் காயவைத்து எடுத்தவர்.

சித்தப்பாவிடம் மட்டும் சொன்னேன்: “நானூறு போட்டுப் பாத்துடலாம் சித்தப்பா. அதுக்கு முன்னாடி ஒண்ணு, போன தடவை எங்கேருந்து எடுத்தீங்க?”

“மூட்டை வாயிலேருந்துதான். நல்லாத் தெரளா இருந்ததைப் பாத்து எடுத்தேன்.”

கணக்கெல்லாம் கவிழும் இடம் இது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றால், பானை கொதித்துக் கொதித்துத் தானே கலந்துகொள்கிறது. மூட்டை கலந்துகொள்வதில்லை. சிமெண்டுத் தரையில் கிடந்த அடிப்பக்கம் ஈரம் வாங்கியிருக்கும், மேல்பக்கம் காய்ந்திருக்கும். திரளான நெல்லாகப் பொறுக்கினால் உண்மையைவிடக் கூடுதலாகத்தான் வரும். மேலே சொன்ன வர்க்கமூலங்கள் எல்லாம், ஒவ்வொரு நெல்லுக்கும் அகப்படச் சம வாய்ப்பு இருந்தால் மட்டுமே செல்லும். வாய்ப்பு சமமில்லை என்றால் நானூறு என்ன, நாலாயிரம் நெல்லை எண்ணினாலும் பொய்யைத்தான் துல்லியமாக எண்ணியிருப்போம். அந்தக் கண்டிப்பில் தேர்ந்தெடுத்தால், 15 லட்சம் நெல் உள்ள மூட்டையானாலும் லாரிச் சுமையானாலும் நானூறுக்கு ஒரே துல்லியம்தான்.

தார்ப்பாயை விரித்து மூட்டை முழுவதையும் கொட்டினோம். மண்வெட்டியால் மூன்று தடவை புரட்டி, கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நாலு கூறாகப் பிரித்து, எதிரெதிர்க் கூறு இரண்டை ஒதுக்கினோம். மீதியை மறுபடி குவித்து மறுபடி நாலாக்கினோம். ஒரு சொம்பு நெல் மிஞ்சும்வரை இப்படியே. அதில் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நானூறு எண்ணினார் சித்தி. சித்தப்பாவை எண்ண விடவில்லை. நான்கு துண்டு. ஆடிப்பெருக்கன்று ஆற்றுக்குப் போய்விட்டு வந்தும் தண்ணீர் தெளிக்க மறக்கவில்லை.

பிரித்தபோது 78, 70, 76, 75. மொத்தம் 299. சராசரி 74.75. கூடுதலுக்கும் குறைவுக்கும் வித்தியாசம் எட்டுதான். துண்டுகளில் கோளாறு இல்லை. எண்பது சதவீத மூட்டையில் நானூறுக்கு 299-ம் அதற்குக் கீழும் வருவது நூறில் ஒரு தடவைகூட நடக்காது. நம்பிக்கை இடைவெளி 70.5 முதல் 79 வரை. எண்பது வெளியே நிற்கிறது.

“அப்ப நான் சொன்னதுதானே?” என்றார் சித்தப்பா.

“நீங்க சொன்னதுதான். ஆனா அன்னிக்கு உங்ககிட்ட ஆதாரம் பத்தாது, இன்னிக்கு இருக்கு.”

ஒரு சொம்பு விதையைத் துணிப்பையில் கட்டி, ரகத்தின் பெயரையும் அட்டையிலிருந்த குவியல் எண்ணையும் எழுதி, பணி விதை மாதிரியாகப் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுத்துவிடச் சொன்னேன். விடை வருவதற்குள் நாற்றங்கால் நாள் போய்விடும். அதனால் அடுத்த கணக்கு: எண்பதுக்கும் 74.75-க்கும் வித்தியாசம் நிச்சயம்தான், ஆனால் அது பெரியதா? கோட்டைத் தாண்டுவது வேறு, வயலில் உறைப்பது வேறு. சித்தப்பாவுக்கு ஏழரை மா, அதாவது இரண்டரை ஏக்கர், ஏறக்குறைய ஒரு ஹெக்டேர். சி.ஆர். 1009 போன்ற நீண்டகால ரகத்துக்குப் பரிந்துரை ஹெக்டேருக்கு 30 கிலோ. எண்பது முளைக்கும் என்று போட்ட அளவு அது. 74.75 என்றால் 32 கிலோ போதும். இடைவெளியின் கீழ் நுனியான 70.5-ஐ நம்பிப் போட்டால் 34 கிலோ. கீழ் நுனியை வைத்தே போடுங்கள் என்றேன்.

சித்தப்பா எழுந்து எதிர்வீட்டுக்குப் போனார். அண்ணனிடமும் அதே சி.ஆர். 1009 தான். நாலு கிலோ விதையை மரக்காலில் அளந்துகொண்டு வந்து மூட்டையோடு சேர்த்துக் கட்டினார். ஆவணி இரண்டாம் நாள் சாயங்காலம் அந்தச் சாக்கைத் தோளில் தூக்கிப்போய், படித்துறை முளையில் கயிற்றைக் கட்டி, ஓடுகிற தண்ணீருக்குள் மெல்ல இறக்கினார்.